கைலித் துணியில் ஒரு கரி டப்பா

1

போன செவ்வாய்க்கிழமை எங்கள் பட்டறைக்குத் தக்காளி விவசாயி ஒருவர் தன் பிக்கப் வண்டியை ஓட்டி வந்தார். பிக்கப் என்றால் முன்னால் மூன்று பேர் உட்கார இடம், பின்னால் திறந்த தொட்டி. நம் ஊர்ப் பக்கம் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். ஜீப்புக்கும் லாரிக்கும் பிறந்த பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். மனிதர் இறங்கினார், முன்மூடியைத் தூக்கினார், இடது மூலையில் பால்பவுடர் டின் உயரத்துக்கு உட்கார்ந்திருந்த கறுப்பு டப்பாவைக் காட்டி, இது வீண் சாமான், பெட்ரோல் நாற்றம் அடிக்கிறது, கழற்றித் தூக்கிப் போடு என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. ரேடியேட்டரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பாவம், அவர் தன்னைத்தான் கேலி செய்கிறேன் என்று நினைத்து முகம் சிவந்து நின்றார். ஐயா, உங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை, நான்கு வருடத்துக்கு முன்னால் இதே வார்த்தையைச் சொன்ன ஒரு முட்டாளை எனக்குத் தெரியும் என்றேன். யார் அவன் என்று கேட்டார். என் சட்டைப் பையில் தைத்திருந்த பெயரைக் காட்டினேன். சவரிமுத்து.

கலிபோர்னியா போனவன் கார் கப்பல் என்று ஏதாவது எழுதுவான் என்று எதிர்பார்க்கிற ஊர்க்காரர்களே, மன்னிக்க வேண்டும். இங்கே வந்து நான் செய்த பெரிய காரியம் ஒரு டப்பாவைக் கழற்றியதுதான். அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

2

அதற்கு முதலில் தர்மபுரிக்குப் போக வேண்டும். அறுபத்துமூன்றிலிருந்து எழுபத்துமூன்று வரை அதியமான்கோட்டை போகிற சாலையில் தஸ்தகீர் பாயும் நானும் கூட்டாக ஒரு பட்டறை வைத்திருந்தோம். தகரக் கூரை, ஒரு வேப்பமரம், மரத்துக் கிளையில் எஞ்சின் தூக்குகிற சங்கிலி. அவ்வளவுதான் கம்பெனி. பாய்க்கும் எனக்கும் ஒரே வயது. அவர் எஞ்சின், நான் மற்றதெல்லாம். வெள்ளிக்கிழமை மதியம் அவர் இருக்க மாட்டார், ஞாயிற்றுக்கிழமை காலை நான் இருக்க மாட்டேன். மற்றபடி எந்நேரமும் சண்டை போட்டுக்கொண்டே வேலை செய்வோம்.

அந்தக் காலத்தில் சேலத்திலிருந்து சரக்கு ஏற்றி வருகிற வண்டிகள் தொப்பூர் ஏற்றத்தில் கொதித்துப்போய், மூடி பறந்து, வெந்நீர் பீய்ச்சிக்கொண்டு எங்களிடம் வந்து சேரும். பாதி வண்டிகளில் குற்றவாளி தெர்மோஸ்டாட். எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரைத் தடுத்து வைத்து, பிறகு திறந்துவிடுகிற சின்னப் பித்தளைச் சாமான் அது. குளிர் நாட்டுக்காரன் அவன் ஊருக்காகச் செய்து வைத்தது. சித்திரை மாதத் தர்மபுரியில் எஞ்சினைச் சூடேற்ற அது எதற்கு? நெருப்புக்குப் போர்வையா? அதுவும் திறக்காமல் சிக்கிக்கொண்டால் எஞ்சின் காலி. அதனால் எந்த வண்டி வந்தாலும் முதல் வேலை தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது. புது வண்டியாக இருந்தாலும் கழற்றுவோம். பாய் ஒரு வேதவாக்கு வைத்திருந்தார்.

“இல்லாத சாமான் ரிப்பேர் ஆவாது, சவரி.”

எவ்வளவு பெரிய உண்மை பாருங்கள். அதை நான் அப்படியே மனதில் எழுதிக்கொண்டேன். அவர் சொன்ன இன்னொன்றை அவ்வளவாக மதிக்கவில்லை. அதுதான் பின்னால் என்னைக் காப்பாற்றியது.

அந்த இன்னொன்று வந்த கதை இது. தீர்த்தமலைக்கு ஜனங்களை ஏற்றிப்போகிற வேன் ஒன்று. அதன் சொந்தக்காரர் அரூர்க்காரர். வழக்கம்போல் தெர்மோஸ்டாட்டைக் கழற்றினோம், வண்டி ஜம்மென்று ஓடியது. ஒரு மாதம் கழித்து டீக்கடையில் அந்த மனிதர், “பித்தளைய வித்துத் தின்னுட்டானுங்க ரெண்டு பேரும்” என்று சொன்னதாகக் காதுக்கு வந்தது. எனக்குக் கோபம் வந்தது, இரண்டு கெட்ட வார்த்தையில் தீர்ந்தது. பாய்க்கு அப்படித் தீரவில்லை. அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. பட்டறைக்குப் பின்னால் கிடந்த கழிவுக் குவியலை மாலைவரை கிளறினார். அந்த வேனின் தெர்மோஸ்டாட்டைத் தேடியெடுத்து, மண்ணெண்ணெயில் கழுவி, கைக்குட்டையில் முடிந்து, பஸ் ஏறி அரூர் போய் அந்த ஆள் கையில் வைத்துவிட்டு, அடுத்த பஸ்ஸிலேயே திரும்பி வந்தார்.

மறுநாளிலிருந்து எங்கள் பட்டறையில் சட்டம். எந்த வண்டியில் எதைக் கழற்றினாலும், உடைந்ததோ நல்லதோ, அதன் நட்டு போல்ட்டை அதிலேயே திருகி, குழாய் இருந்தால் எது எங்கே போகும் என்று நூல் முடிச்சுப் போட்டு, துணியில் கட்டி, பெயர் எழுதி, வண்டிக்காரர் கையில் கொடுத்துவிட வேண்டும். அவர் கிணற்றில் போடட்டும், அது அவர் பாடு. மொரப்பூர் நெல் வியாபாரி ஒருவர் தன் தெர்மோஸ்டாட்டை மாட்டின் கழுத்தில் கட்டிவிட்டதாகக் கேள்வி. மணிச்சத்தம் சரியாக வரவில்லை என்று எங்களிடம் வந்து குறைபட்டார்.

3

என் மனைவி பிலோமினா நர்ஸ். எழுபத்தொன்றில் அவள் முதலில் இங்கே வந்தாள். எழுபத்துமூன்றில் நானும் எங்கள் மகள் ஸ்டெல்லாவும் வந்தோம். பெண்டாட்டி சம்பாதித்துப் புருஷன் பின்னால் போகிறான் என்று மொரப்பூர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் என்னை வழியனுப்ப வந்தவர்களே பேசிக்கொண்டார்கள். காதில் விழுகிற மாதிரிதான் பேசினார்கள். பாய் மட்டும் ஒரு புதுக் கைலியை என் பையில் திணித்தார்.

வந்து இரண்டு வருடம் எனக்கு வேலை கிடைக்கவில்லை. இந்தச் சமவெளி ஊரில் பட்டறைக்குப் பஞ்சமில்லை. போகிற இடத்திலெல்லாம் காகிதம் கேட்டார்கள். எங்கே படித்தாய்? வேப்பமரத்தடியில். சான்றிதழ் எங்கே? இந்தக் கையைப் பார். கையைப் பார்க்கிற அதிகாரி எந்த நாட்டிலும் கிடையாது போலிருக்கிறது. ஒரு அலுவலகத்தில் தந்த நீலப் படிவத்தை நிரப்பிக்கொடுத்தால், இது போன வருடப் படிவம், மஞ்சள் படிவத்தில் எழுது என்றார்கள். மஞ்சளில் எழுதிப் போனால், நீலத்தையும் கொண்டுவா என்றார்கள். நம் தாலுகா ஆபீஸ் ஞாபகம் வந்து, கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

பேச்சும் காலை வாரியது. நமக்குக் காரின் முன்மூடி பானெட். இங்கே அந்த வார்த்தைக்குக் குழந்தைக்குப் போடுகிற தொப்பி என்று அர்த்தமாம். பானெட்டைக் கழற்றி எஞ்சினைப் பார்க்கிறேன் என்று ஒரு பட்டறையில் நான் சொன்னதும், முதலாளி தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

ஆக, நான் வீட்டோடு. பிலோ ஆஸ்பத்திரிக்குப் போவாள், நான் சமைப்பேன், துணி மடிப்பேன், ஸ்டெல்லாவுக்குத் தலை வாரிவிடுவேன். பின்னலில் நான் கெட்டிக்காரன். ஸ்பார்க் பிளக் ஒயர் கோத்த கை. ஸ்டெல்லா ஆறு வயதில் தமிழைக் கழற்றிப் போட ஆரம்பித்திருந்தாள். நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று படம் வரையச் சொன்னார்களாம். என்னை வரைந்து, கையில் பெரிய கரண்டியைக் கொடுத்திருந்தாள். மீசையெல்லாம் அச்சு அசலாக இருந்தது. பிலோ விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு குளியலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

இதற்கு நடுவில் மாதம் தவறாமல் என் மாமனாரின் கடிதம் வரும். மழை, மஞ்சள் விலை, பங்குச் சாமியார் மாறியது எல்லாம் எழுதிவிட்டு, கடைசி வரியில், “மாப்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுங்களா?” என்று கேட்டிருப்பார். உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டவனை விசாரிக்கிற மாதிரியே இருக்கும்.

4

எழுபத்தைந்தில், பிலோவோடு வேலை பார்க்கிற ஒரு அம்மாள் தன் பழைய பிக்கப்பை எங்களுக்கு விற்றார். நான்கு வருட வண்டி. நன்றாகத்தான் ஓடியது. உள்ளே உட்கார்ந்தால் மட்டும் பெட்ரோல் வாடை. பிலோ மூக்கைப் பொத்திக்கொண்டு ஏறுவாள்.

இரண்டு வருடமாகக் கரண்டி பிடித்த கைக்கு எஞ்சின் கிடைத்தால் கேட்க வேண்டுமா? ஒரு சனிக்கிழமை காலை முன்மூடியைத் திறந்து, மோப்பம் பிடித்துக்கொண்டே போனேன். வாடை அந்தக் கறுப்பு டப்பாவிடம் கொண்டுபோய் விட்டது. நான் ஆயுளில் பார்க்காத சாமான். மூன்று ரப்பர் குழாய்கள் அதன் தலையில் ஏறியிருந்தன. ஒன்று பின்னாலிருக்கிற பெட்ரோல் டாங்கிலிருந்து வந்தது, ஒன்று கார்புரேட்டரிலிருந்து, மூன்றாவது எஞ்சினுக்குள் போனது. டப்பாவைத் தட்டினேன். அடியில் இருந்த சல்லடைப் பஞ்சை விலக்கிப் பார்த்தால், உள்ளே கரி. சத்தியமாகக் கரி. நம் ஊரில் இஸ்திரிப் பெட்டிக்குப் போடுகிற அதே கரியை மிளகு மாதிரி உடைத்து நிரப்பியிருந்தான். நிலாவுக்கு ஆள் அனுப்புகிற நாட்டுக்காரன் வண்டிக்குள் கரி மூட்டை வைத்திருக்கிறானே என்று எனக்கு ஒரே ஆனந்தம்.

இல்லாத சாமான் ரிப்பேர் ஆகாது. பாய் காதில் வந்து சொன்னார்.

டப்பாவைச் சுற்றியிருந்த பட்டையின் போல்ட்டைத் தளர்த்தினேன். குழாய்களை இழுத்தால் வரவில்லை, பிசின் போல ஒட்டியிருந்தன. இழுக்கக்கூடாது, முதலில் திருக வேண்டும் என்று கைக்கு ஞாபகம் வந்தது. இடுக்கியால் மெல்லத் திருகி, பிடி விட்டதும் உருவினேன். மூன்று குழாய் வாயிலும் ஸ்டெல்லாவின் பென்சிலை அறுத்து ஆப்பு அடித்தேன். முன்மூடியைச் சாத்தினேன். எனக்கு மகாராஜா மாதிரி இருந்தது.

கழற்றியதை என்ன செய்வது? கை தானாகச் செய்தது. போல்ட்டைப் பட்டையிலேயே திருகினேன். முன்மூடியை மறுபடி தூக்கிக் குழாய்களில் நூல் முடிச்சு, டாங்குக்கு ஒன்று, கார்புரேட்டருக்கு இரண்டு, எஞ்சினுக்கு மூன்று. டப்பாவின் மூன்று மூக்கிலும் அதே கணக்கில் முடிச்சு. பாய் கொடுத்த கைலி அதற்குள் கிழிந்திருந்தது, அதில் ஒரு துண்டு கிழித்துக் கட்டினேன். வண்டிக்காரர் கையில் கொடுக்க வேண்டும் அல்லவா? வண்டிக்காரரும் நான்தான். என் கையிலிருந்து நானே வாங்கிக்கொண்டேன்.

வீட்டு அலமாரியில் வைத்தேன். மாலையில் பிலோ வந்ததும் முதல் வேலையாக அதைக் கண்டுபிடித்துவிட்டாள். “என்னாங்க இது, வூடெல்லாம் பெட்ரோல் வாடை? குப்பையில போட்டுட்டு வாங்க மொதல்ல.” ஆஸ்பத்திரியில் டாக்டர்களே பயப்படுகிற குரல் அது. சரி என்று வெளியே எடுத்துப் போனேன். குப்பைத் தொட்டியின் மூடியைத் திறந்தும் விட்டேன். போட மனம் வரவில்லை. அரூர் பஸ்ஸில் போன அந்தக் கைக்குட்டை கண் முன்னால் வந்து நின்றது. வண்டியின் சீட்டுக்குப் பின்னால் செருகிவிட்டு, போட்டாச்சு என்று பொய் சொன்னேன்.

5

ஒரு வாரம் கழித்து, மாதா கோயிலில் பூசை முடிந்து நின்றபோது ஒருவர் என் நகத்தைப் பார்த்தார். நகத்தில் கிரீஸ் இருந்தது. மெக்கானிக்கா என்று கேட்டார். அவர் பெயர் சில்வா, போர்ச்சுகீசிய வம்சம், ஊருக்கு வெளியே பட்டறை வைத்திருக்கிறார். அறுபது வயது, எந்நேரமும் வாயில் ஒரு பல்குச்சி. ஆள் தேவை என்றார். காகிதம் ஒன்றும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை உன் வண்டியை எடுத்துக்கொண்டு வா, ஒரு மெக்கானிக்கைத் தெரிந்துகொள்ள அவன் சொந்த வண்டியின் எஞ்சினைப் பார்த்தால் போதும் என்றார்.

இரண்டு வருடத்தில் முதல்முறையாக ஒருவர் கையைப் பார்க்கிறேன் என்கிறார். வியாழக்கிழமை முழுவதும் எஞ்சினைக் கழுவித் துடைத்தேன். பிலோ என் சட்டைக்குக் கஞ்சி போட்டாள். வெள்ளிக்கிழமை காலை ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, இரண்டு வினாடி அதைப் பிடித்துக்கொண்டே நின்றாள். அவளுக்கும் அவள் அப்பாவின் கடிதம்தான் ஞாபகம் வந்திருக்கும்.

கிளம்பிப் பத்து மைல் போயிருப்பேன், டப்பாவைக் கழற்றிய பிறகு வண்டிக்கு அதுதான் முதல் நீண்ட ஓட்டம். வண்டி இருமியது, திணறியது, நின்றது. டாங்கில் பெட்ரோல் இருக்கிறது, கார்புரேட்டருக்கு வரவில்லை. என்ன ஏது என்று டாங்க் மூடியைத் திருகினேன். புஸ்ஸென்று உள்ளே காற்றை இழுத்தது பாருங்கள், சோடா பாட்டில் தோற்றது. பிறகு சாவி போட்டதும் வண்டி ஓடியது. ஆறு மைல் தாண்டி மறுபடி நின்றது. மறுபடி புஸ்.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. நம் ஊர் ஜீப் டாங்க் மூடியில் சின்ன ஓட்டை இருக்கும், டாங்க் அது வழியாக மூச்சு விடும். இந்த வண்டி மூடியில் ஓட்டை இல்லை. இது கரி டப்பா வழியாகத்தான் மூச்சு விடுகிறது. வெயிலில் டாங்கிலிருந்து ஆவியாகிற பெட்ரோலைக் கரி குடித்து வைத்துக்கொள்ளும், எஞ்சின் ஓடும்போது அதை உறிஞ்சி எரித்துவிடும். ஊர்க் காற்றில் கலக்காது. இங்கே சில நாள் காற்று கெட்டுவிட்டது என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வெளியே விளையாட விடமாட்டார்கள், ஸ்டெல்லா இங்கிலீஷில் வந்து புலம்புவாள். அவள் மூச்சுக்காக வைத்திருந்த சாமானில் அவள் பென்சிலையே ஆப்பு அடித்திருக்கிறேன். இதைவிடப் புத்திசாலித்தனம் உண்டா?

மூடியைத் தளர்த்தி வைத்துக்கொண்டு, ஒரு வழியாக நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

6

சில்வா முன்மூடியைத் தூக்கினார். சுத்தத்தைப் பார்த்துத் தலையாட்டினார். எண்ணெயைப் பார்த்தார், பெல்ட்டை அழுத்தினார், பிளக் ஒயர் கட்டியிருந்த ஒழுங்கைப் பார்த்து ‘ம்’ என்றார். பிறகு அவர் கண் இடது மூலைக்குப் போயிற்று. பல்குச்சி அசைவதை நிறுத்தியது. பென்சில் ஆப்பை ஒரு விரலால் தொட்டார்.

டப்பா எங்கே என்று கேட்டார். கழற்றிவிட்டேன் என்றேன். வேறென்ன சொல்வது? அவர் முன்மூடியை இறக்கிச் சாத்தினார். இந்த மாநிலத்தில் அதைக் கழற்றுவது சட்டப்படி குற்றம், என் பட்டறை ஆள் ஒருவன் அதைச் செய்தால் என் உரிமம் போய்விடும், மன்னித்துக்கொள் என்றார். நல்ல மனிதர், மரியாதையாகத்தான் சொன்னார். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே திரும்பினார்.

மாமனாரின் கடைசி வரி, கரண்டிப் படம், கஞ்சி போட்ட காலர் எல்லாம் ஒன்றாக வந்து நெஞ்சில் உட்கார்ந்தன. அழுகைகூட வந்தது, மறைப்பானேன். அப்போதுதான் சீட்டுக்குப் பின்னால் இருந்தது நினைவுக்கு வந்தது. ஓடிப்போய் மூட்டையை எடுத்து அவர் மேசைமேல் வைத்தேன்.

கைலித் துணியை அவரே பிரித்தார். டப்பா, பட்டை, பட்டையில் திருகிய போல்ட், நூல் முடிச்சுகள். மேலே ஒரு காகிதத்தில் என் பெயரைத் தமிழில் எழுதியிருந்தேன். முடிச்சு எதற்கு என்று கேட்டார். டப்பாவை வண்டிக்கு எடுத்துப் போய், குழாயின் முடிச்சையும் டப்பாவின் முடிச்சையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அவர் முடிச்சுகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணினார்.

“இதை எதற்குக் கழற்றினாய்?” என்றார்.

“தெரியாமல் கழற்றினேன்.”

“பிறகு எதற்குப் பத்திரமாக வைத்திருந்தாய்?”

“வண்டிக்காரருடைய சாமான். அவரிடம்தான் கொடுக்க வேண்டும்.”

“யார் வண்டிக்காரர்?”

“நான்தான்.”

பல்குச்சி கீழே விழுகிற அளவுக்குச் சிரித்தார். இந்தச் சட்டம் வந்த நாளாக, டப்பாவைக் கழற்றிவிட்டு வந்தவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன், அதைக் கூடவே எடுத்து வந்தவன் நீ ஒருவன்தான் என்றார். மாட்டு பார்க்கலாம் என்றார். ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று. அவர் காபி குடித்து முடிக்கும் முன் மாட்டிவிட்டேன். அப்போது அவர் டாங்கிலிருந்து வருகிற குழாயை வளைத்துக் காட்டினார். வளைவில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல், உள்ளிருந்து ஆவி தள்ளினால் திறக்கும், டாங்க் உறிஞ்சினால் ஒட்டி மூடிக்கொள்ளும். வாடை அங்கிருந்துதான் வந்திருக்கிறது. குழாய்க்கு வந்த நோய்க்கு நான் மூக்கை அறுத்திருக்கிறேன். ஒரு முழம் புதுக் குழாய் கொடுத்தார். வாடை போயிற்று. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வந்துவிடு என்றார்.

அன்று சாயங்காலம் பிலோவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை கிடைத்ததற்கு அழுதாள். உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்ப குப்பையில போட்டேன்னு சொன்னது பொய்தானே?” என்றாள். ஸ்டெல்லா அந்த வாரம் புதுப்படம் வரைந்தாள். வண்டிக்கு அடியில் நான் படுத்திருக்கிறேன், கால் மட்டும் தெரிகிறது, பக்கத்தில் நீட்டிய கையில் அதே கரண்டி. சரி, ஞாயிற்றுக்கிழமை பிரியாணி இன்றைக்கும் என் கையால்தானே.

7

தக்காளிக்காரர் விஷயம் பாக்கி இருக்கிறது. அவர் டப்பாவை நான் கழற்றவில்லை. அதே இடத்தில் அதே விரிசல், குழாயைத்தான் மாற்றினேன். பழைய குழாயைத் துணியில் கட்டி, பெயர் எழுதி, அவர் கையில் கொடுத்தேன். இது எதற்கு என்று கேட்டார். உங்களுடையது என்றேன். எங்கள் பட்டறையில் இப்போது எல்லோரும் அப்படித்தான் கொடுக்க வேண்டும், சில்வாவின் உத்தரவு. தர்மபுரிச் சட்டம் கலிபோர்னியாவில் அமலில் இருக்கிறது என்று பாய்க்கு எழுதினேன். அவர் பதில் போட்டார். அங்கே அவர் இன்னும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக்கொண்டுதான் இருக்கிறாராம்.

வேலை கிடைத்த அந்த வாரமே மாமனாருக்கும் எழுதியிருந்தேன். மாமா, ஆச்சு என்று முதல் வரியிலேயே போட்டுவிட்டேன். ரொம்ப சந்தோசம், என்ன வேலைங்க மாப்ளை என்று கேட்டு எழுதினார். சட்டம், ஆவி, கரி என்று எழுதினால் பெரியவருக்குப் புரியாது. யோசித்து யோசித்து, வண்டிகளில் கழற்றியதைத் திருப்பி மாட்டுகிற வேலை என்று எழுதினேன்.

ஒரே வாக்கியத்தில் பதில் வந்தது.

“அத கழட்டாமயே வுட்டிருந்தா நீங்க இங்கயே இருந்திருக்கலாமேங்க.”

பிலோவுக்குப் படித்துக் காட்டினேன். இருவரும் சிரித்தோம், முதலில் அவள்தான் நிறுத்தினாள். அதன் பிறகு அவருக்கு எத்தனையோ கடிதம் எழுதிவிட்டேன். அந்தக் கடிதத்துக்கு மட்டும் இன்னும் பதில் எழுதவில்லை. அதை என் டூல்ஸ் பெட்டியின் அடித்தட்டில், பாய் கொடுத்த கைலியின் மிச்சத் துண்டில் கட்டி வைத்திருக்கிறேன்.